பக்கத்து ஊர்ப் போட்டி யாருடைய சொத்து?

(அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக் கூட்டணிகளின் மரபும் விரிவாக்கமும் பற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

2024 செப்டம்பர் 14, சனிக்கிழமை. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். முட்டை வடிவப் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகமும் மோதின. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் வாஷிங்டன் அணி எல்லைக்கோட்டுக்கு ஒரே ஒரு கஜம் தள்ளி நின்றது. அந்த ஒரு கஜத்தைக் கடக்கவிடாமல் மறித்து 24-19 என்று ஜெயித்தது வாஷிங்டன் ஸ்டேட். தெற்கே கோர்வாலிஸ் ஊரில் ஆரிகன் பல்கலைக்கழகம் 49-14 என்ற கணக்கில் ஆரிகன் ஸ்டேட்டை எளிதாக வீழ்த்தியது.

இந்த இரண்டு ஆட்டங்களும் பெரும்பாலும் நவம்பர் கடைசியில், குளிரில், பருவத்தின் முத்தாய்ப்பாக நடந்து பழகியவை. அவை செப்டம்பர் வெயிலுக்கு இடம் மாறியதற்குக் காரணம் உண்டு. 1915இல் தொடங்கிய ஒரு கூட்டணி மரபில், நடுவில் சில ஆண்டுப் பிரிவு நீங்கலாக, இந்த நான்கு பல்கலைக்கழகங்களும் சேர்ந்தே இருந்தன. 2024 கோடையில் வாஷிங்டனும் ஆரிகனும் வெளியேறி வேறொரு கூட்டணிக்குப் போய்விட்டன. சொந்தக் கூட்டணி ஆட்டங்களுக்கு இடம் ஒதுக்கியது போக, பழைய எதிரிக்குக் கிடைத்தது பருவத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை.

கான்ஃபரன்ஸ் என்று அமெரிக்கர்கள் அழைக்கும் இந்தக் கூட்டணியின் வேலை என்ன? சில பல்கலைக்கழகங்கள் கூடி ஒரு சங்கம் அமைக்கும். ஆடத் தகுதியுள்ளவர் யார், யாரோடு யார் எப்போது மோதுவது, நடுவர் யார், பட்டம் யாருக்கு என்பதை அந்தச் சங்கம் முடிவு செய்யும். என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பு மேலே இருந்தாலும் ஆட்ட அட்டவணையின் பெரும்பகுதி கூட்டணியின் கையில்தான். இந்த ஆண்டு தோற்றாலும் அடுத்த ஆண்டு அதே எதிரி மறுபடி வருவான் என்ற உறுதியை ஓர் ஊருக்குக் கொடுப்பது அந்த அட்டவணை. தலைமுறை தலைமுறையாக வளர்ந்த வீம்பும் பாசமும் அந்த உறுதியை நம்பியே நிற்கின்றன. கடந்த நாற்பது ஆண்டுகளாகத் தொலைக்காட்சிப் பணம் அந்த உறுதியை விலை பேசி வாங்கிக்கொண்டிருக்கிறது. அதைக் காப்பாற்ற நடைமுறையில் வழி இருக்கிறது, சில இடங்களில் செய்தும் காட்டியிருக்கிறார்கள் என்பதே இந்தச் சொற்பொழிவின் வாதம்.

ஓட்டல் அறையில் பிறந்த ஒழுங்கு

1895 ஜனவரியில் சிகாகோவின் பால்மர் ஹவுஸ் ஓட்டலில், பர்டூ பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட்டின் அழைப்பை ஏற்றுச் சில பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடினார்கள். அவர்களை வாட்டிய பிரச்சினை எளிது: வகுப்புப் பக்கமே வராத கூலி ஆட்டக்காரர்கள் கல்லூரிச் சட்டையை மாட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். படிக்கிற மாணவன்தான் ஆட வேண்டும், பொறுப்பு ஆசிரியர்களிடம் இருக்க வேண்டும் என்று பேசி முடித்தார்கள். மறு ஆண்டு சிகாகோ, இல்லினாய், மிஷிகன், மின்னசோட்டா, நார்த்வெஸ்டர்ன், பர்டூ, விஸ்கான்சின் ஆகிய ஏழும் முறையாகக் கூட்டணி அமைத்தன. பின்னாளில் பிக் டென் என்று பெயர் பெற்றது அதுதான்.

அந்த ஏழும் ரயிலில் போய்வரும் தூரத்தில் இருந்தவை. அடிக்கடி சந்தித்ததால் கதைகள் சேர்ந்தன. அவற்றில் ஒன்று ஐந்து காலன் கொள்ளளவுள்ள ஒரு மண் ஜாடியைப் பற்றியது. 1903 அக்டோபர் 31, மினியாபொலிஸ் நகரம். மின்னசோட்டாக்காரர்கள் தரும் தண்ணீரை நம்பாத மிஷிகன் பயிற்சியாளர் ஃபீல்டிங் யோஸ்ட், ஒரு ஜாடி வாங்கிவரச் சொன்னார். மாணவர் ஒருவர் 30 சென்ட் கொடுத்து வாங்கி வந்தார். ஆட்டம் 6-6 என்று சமனில் முடிந்தது. கூட்டம் மைதானத்துக்குள் புகுந்த அமளியில் ஜாடியை விட்டுவிட்டு மிஷிகன் அணி ரயில் ஏறிவிட்டது. மின்னசோட்டா அணியின் பொருட்காப்பாளர் ஆஸ்கர் மன்சன் அதைக் கண்டெடுத்தார். ஆஸ்கர் கைப்பற்றிய மிஷிகன் ஜாடி என்று அதன் மேல் பெயிண்ட்டில் எழுதினார்கள். ஆட்டம் சமன்தான் என்றாலும் மின்னசோட்டாவின் 6 பெரிதாகவும் மிஷிகனின் 6 சின்னதாகவும் எழுதப்பட்டன. ஜெயித்தவர் வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டில் அந்த ஜாடி இன்றுவரை இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் இடையே போய்வருகிறது.

ஆனால் அந்தச் சமன் ஆட்டத்துக்குப் பிறகு இரண்டும் மறுபடி சந்தித்தது 1909இல். 1906இல் கூட்டணி கடுமையான சீர்திருத்த விதிகளைக் கொண்டுவந்தது; ஒரு பருவத்துக்கு இத்தனை ஆட்டம்தான் என்று வரம்பு கட்டியது. மிஷிகன் ஒத்துக்கொள்ளாமல் கூட்டணியை விட்டு விலகி நின்றது, 1917இல்தான் திரும்பியது. அதற்குள் 1912இல் ஒஹாயோ ஸ்டேட் உள்ளே வந்திருந்தது. உடனே மிஷிகனோடு அதன் ஆட்டம் நின்றது. 1913 முதல் 1917 வரை இரண்டும் மோதவே இல்லை. இன்று கல்லூரிக் கால்பந்திலேயே பெரிய போட்டி என்று பலரும் சொல்லும் மிஷிகன் - ஒஹாயோ ஸ்டேட் ஆட்டம், 1918க்குப் பிறகு ஒரே கூரையின் கீழ் ஆண்டுதோறும் சந்தித்ததால் வளர்ந்தது. உறுப்பினர் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பதும் நீக்குவதும் எத்தனை பெரிய காரியம் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஏழு நிறுவனர்களில் ஒன்று இன்று அங்கே இல்லை. தமிழரான விஞ்ஞானி சந்திரசேகர் 1937 முதல் பணியாற்றிய சிகாகோ பல்கலைக்கழகம், அதன் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் காலத்தில், 1939இல் கால்பந்தைக் கைவிட்டது. 1946இல் கூட்டணியை விட்டும் விலகியது. வெறுமையான ஸ்டாக் மைதானத்தின் பார்வையாளர் மாடத்தின் அடியில்தான் 1942 டிசம்பர் 2 அன்று உலகின் முதல் தொடர் அணுக்கருப் பிளவு நிகழ்த்தப்பட்டது. கூட்டணியைத் துறப்பதற்குக் கல்வி சார்ந்த காரணமும் இருக்க முடியும் என்பதற்குச் சிகாகோ சாட்சி.

பங்காளிகள்

முன்பின் தெரியாதவனோடு போடும் சண்டை வேறு, பங்காளியோடு முட்டிக்கொள்வது வேறு. பங்காளிச் சண்டையில் கோபத்துக்கு அடியில் உறவு இருக்கும். விட்டுப்போக முடியாது என்பதாலேயே வீம்பு கூடும்.

கான்சாஸுக்கும் மிசௌரிக்கும் இடையிலான பகை மைதானத்தில் தொடங்கியதே அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863 ஆகஸ்ட் 21 அன்று, குவாண்ட்ரில் தலைமையிலான மிசௌரிப் பக்கத்துக் கொரில்லாப் படை கான்சாஸின் லாரன்ஸ் ஊருக்குள் புகுந்து நூற்றைம்பது பேருக்குக் குறையாமல் கொன்று ஊரைக் கொளுத்தியது. அதே லாரன்ஸில்தான் கான்சாஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1891இல் இரண்டு பல்கலைக்கழகங்களும் கால்பந்தில் முதன்முறை மோதியபோது எரிந்த வீடுகளை நேரில் பார்த்தவர்கள் பலர் உயிரோடு இருந்தார்கள். துப்பாக்கியோடு எல்லை தாண்டியவர்களுக்கு அடுத்த தலைமுறை பந்தோடு எல்லை தாண்டியது. ஒரு நாகரிகம் தன் பழைய காயத்தை ஆட்டமாக மாற்றிக்கொள்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

டெக்சஸிலும் டெக்சஸ் ஏ அண்ட் எம்மிலும் 1999இல் நடந்ததை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும். டெக்சஸுடன் மோதும் ஆட்டத்துக்கு முன்னால், ஏ அண்ட் எம் மாணவர்கள் தாங்களே மரம் வெட்டி, ஆயிரக்கணக்கான கட்டைகளை அடுக்கடுக்காக நிறுத்தி, பெரிய சொக்கப்பனை கொளுத்துவார்கள். பல பத்தாண்டு வழக்கம். 1999 நவம்பர் 18 அதிகாலை, மாணவர்கள் மேலே ஏறி வேலை செய்துகொண்டிருந்தபோது அந்த அடுக்கு சரிந்தது. 12 பேர் இறந்தார்கள், 27 பேர் காயமடைந்தார்கள். ஆஸ்டினில் டெக்சஸ் மாணவர்கள் அந்த வாரம் எதிரியைச் சபிக்க நடத்தும் வழக்கமான கூட்டத்தை அஞ்சலிக் கூட்டமாக மாற்றினார்கள். எட்டு நாள் கழித்து ஆட்டம் நடந்தது. இடைவேளையில் டெக்சஸின் பேண்டு வாத்தியக் குழு மைதானத்துக்குள் வந்து அஞ்சலி இசையை வாசித்துவிட்டு, தொப்பிகளைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வெளியேறியது. எதிரணி ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்று ஏ அண்ட் எம் 20-16 என்று வென்றது.

நூறாண்டு காலம் ஒருவரையொருவர் திட்டிக்கொண்ட இரண்டு ஊர்களால் மட்டுமே இப்படி ஒருவருக்கொருவர் துக்கம் காக்க முடியும். 1894இல் தொடங்கிய அந்த ஆட்டம் 2011இல் நிறுத்தப்பட்டது. நிறுத்தியது கூட்டணி மாற்றம்.

ஒரு தீர்ப்பும் அதன் பின்விளைவும்

1984 வரை கல்லூரிக் கால்பந்தைத் தொலைக்காட்சிக்கு விற்கும் உரிமை என்.சி.ஏ.ஏ.விடம் மட்டும் இருந்தது. அரங்குக்குக் கூட்டம் வராமல் போய்விடும் என்று பயந்து, ஓர் அணி இரண்டு ஆண்டில் ஆறு முறைக்கு மேல் திரையில் வரக் கூடாது என்று அது கட்டுப்பாடு வைத்திருந்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்களின் தரப்பு வழக்குப் போட்டது. போட்டியை ஒடுக்கும் இந்த ஏற்பாடு சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 7-2 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி பைரன் வைட், கொலராடோ பல்கலைக்கழகத்தில் நாடறிந்த கால்பந்து வீரராக இருந்தவர். கட்டுப்பாடு போனால் பணம் கல்வியின் இடத்தைப் பிடிக்கும் என்ற கவலை அவர் எழுத்தில் இருந்தது.

உரிமை பல்கலைக்கழகங்களின் கைக்கு வந்தது. தனித்தனியாக விற்பதைவிடக் கூட்டாக விற்றால் விலை அதிகம். அதுவரை ஒழுங்கைக் காத்துவந்த கூட்டணி, விற்பனைக்கான மொத்த வியாபாரியாக மாறியது. யாரைச் சேர்த்துக்கொள்வது என்ற கேள்வியில் பக்கத்து ஊர் என்ற தகுதி பின்னுக்குப் போய், எத்தனை வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி என்ற கணக்கு முன்னுக்கு வந்தது. எஸ்.இ.சி. என்ற தென்கிழக்குக் கூட்டணி ஆர்கன்சாவையும் தென் கரோலினாவையும் சேர்த்துப் பன்னிரண்டாகி, இரண்டு பிரிவாகப் பிரிந்து, 1992இல் தனக்கென்று ஓர் இறுதிப் போட்டியை நடத்தியது. அந்த ஒரே ஆட்டத்தின் வருமானத்தைக் கண்டதும் மற்றக் கூட்டணிகளும் எண்ணிக்கையைக் கூட்டக் கிளம்பின.

முதல் பலி சவுத்வெஸ்ட் கூட்டணி. 1914இல் அமைந்த அதிலிருந்து ஆர்கன்சா போன பிறகு எட்டு டெக்சஸ் பல்கலைக்கழகங்களே மிஞ்சின. ஒரே மாநிலத்துக்குள் அடங்கிய கூட்டணிக்குத் தேசியச் சந்தையில் விலை இல்லை. டெக்சஸ், ஏ அண்ட் எம், பேலர், டெக்சஸ் டெக் நான்கும் பக்கத்து பிக் எய்ட் கூட்டணியோடு சேர்ந்து 1996இல் பிக் 12 ஆயின. ரைஸ், எஸ்.எம்.யு., டி.சி.யு., ஹூஸ்டன் நான்கும் நடுத்தெருவில் நின்றன.

சேர்ந்தவர்களுக்கும் இழப்பு இருந்தது. நெப்ராஸ்காவும் ஓக்லஹோமாவும் 1928 முதல் 1997 வரை ஓர் ஆண்டு தவறாமல் மோதியவை. 1971இல் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை நாளில் 35-31 என்று நெப்ராஸ்கா வென்ற ஆட்டத்தை அந்த நூற்றாண்டின் ஆட்டம் என்றே அழைக்கிறார்கள். பிக் 12 வடக்கு, தெற்கு என்று பிரிந்தபோது இரண்டும் வெவ்வேறு பக்கம் விழுந்தன. நான்கு ஆண்டில் இரண்டு முறை மட்டும் சந்திப்பு. பிறகு 2011இல் நெப்ராஸ்கா பிக் டென்னுக்குப் போனது. 2012இல் மிசௌரியும் ஏ அண்ட் எம்மும் எஸ்.இ.சி.க்குப் போயின. கான்சாஸ் - மிசௌரி கால்பந்து 2025 செப்டம்பர் வரை நடக்கவே இல்லை. பிட்ஸ்பர்க்கும் அங்கிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மேற்கு வர்ஜீனியாவும் 1895இல் தொடங்கிய ஆட்டத்தைப் பதினோரு ஆண்டு நிறுத்திவைத்து 2022இல்தான் மறுபடி தொடங்கின.

பசிபிக் கரையில் ஒரு வெள்ளிக்கிழமை

மேற்குக் கரையில் நடந்தது இவற்றையெல்லாம் மிஞ்சியது. 1915 டிசம்பரில் போர்ட்லாந்தில் கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஆரிகன், இன்று ஆரிகன் ஸ்டேட் எனப்படும் வேளாண் கல்லூரி ஆகிய நான்கும் தொடங்கிய கூட்டணி, பல பெயர் மாறி பேக்-12 ஆயிற்று. ஜான் வுடன் பயிற்சியில் யு.சி.எல்.ஏ. கூடைப்பந்து அணி 1964 முதல் 1975க்குள் பத்துத் தேசியப் பட்டங்களை வென்றது இங்கேதான். இந்தக் கூட்டணி மொத்தமாகக் குவித்த தேசியப் பட்டங்கள் 500க்கு மேல்.

2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரின் இரு பல்கலைக்கழகங்களான யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. லாஸ் ஏஞ்சலஸ் சந்தையை இழந்த கூட்டணிக்குத் தொலைக்காட்சியில் நல்ல விலை கிடைக்கவில்லை. 2023 ஜூலை 27 அன்று கொலராடோ வெளியேறியது. மிஞ்சிய ஒன்பதின் தலைவர்களும் ஆப்பிள் நிறுவனத்தின் இணையவழி ஒளிபரப்பு ஒப்பந்தத்தை ஏற்று, ஆகஸ்ட் 4 வெள்ளிக்கிழமை காலை கையெழுத்திட்டு ஒன்றாக நிற்பார்கள் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. அன்று வாஷிங்டனும் ஆரிகனும், முழுப் பங்குகூட இல்லாமல் குறைந்த பங்குக்கே சம்மதித்து, பிக் டென்னுக்குப் போயின. அதே நாளில் அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12க்குப் போயின. ஒரே நாளில் ஒன்பது நான்காயிற்று. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் அட்லாண்டிக் கரையின் ஏ.சி.சி. கூட்டணியில் சேர்ந்தன.

மிஞ்சியவை இரண்டு: ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். இரண்டும் சிறிய ஊர்களில் இருப்பவை. வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் புல்மன், கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கிறது. பெரிய தொலைக்காட்சிச் சந்தை பக்கத்தில் இல்லை என்பதைத் தவிர அவை செய்த பிழை எதுவும் இல்லை. ஆனால் அவை சும்மா இருக்கவில்லை. வெளியேறுகிறவர்களுக்குக் கூட்டணியின் சொத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை கிடையாது என்று கோல்ஃபாக்ஸ் ஊரின் மாவட்ட நீதிமன்றத்தில் வாதாடி 2023 நவம்பரில் ஜெயித்தன. மாநில உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. பேக்-12 என்ற பெயரும் கருவூலமும் அந்த இரண்டின் கையில் தங்கின. பாய்ஸி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியகோ ஸ்டேட் உள்ளிட்ட புதிய உறுப்பினர்களோடு 2026 ஜூலை முதல் அதைப் புதுப்பிக்க ஒப்பந்தம் ஆகியிருக்கிறது.

போனவர்களின் புது வாழ்க்கையைக் காட்ட ஒரு தகவல் போதும். பாசடினாவின் ரோஸ் போல் ஆட்டம் 1947 முதல் பல பத்தாண்டுகள் பிக் டென் வெற்றியாளருக்கும் மேற்குக் கரை வெற்றியாளருக்கும் நடுவில் நடந்தது. 2025 ஜனவரி 1 அன்று அங்கே மோதிய ஒஹாயோ ஸ்டேட், ஆரிகன் இரண்டும் பிக் டென் உறுப்பினர்கள்.

கால்பந்து ஆடாத பிள்ளைகள்

கூட்டணி மாற்றத்தைத் தீர்மானிப்பது கால்பந்து வருமானம். கால்பந்து அணி பருவத்துக்குப் பன்னிரண்டு ஆட்டம் ஆடுகிறது. அநேகமாக வாரக் கடைசியில், தனி விமானத்தில் போய்வருகிறது. ஆனால் கூட்டணி மாறும்போது கைப்பந்து, சாஃப்ட்பால், நீச்சல், டென்னிஸ், தடகளம் எல்லாம் சேர்ந்து மாறுகின்றன. கைப்பந்து அணி வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆடும். ஸ்டான்ஃபோர்டிலிருந்து பாஸ்டன் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல். இடையில் மூன்று மணி நேரக் கடிகார வித்தியாசம். பழைய அட்டவணையில் ஸ்டான்ஃபோர்டிலிருந்து பெர்க்லிக்குப் பேருந்தில் போய் அன்றிரவே விடுதிக்குத் திரும்பிய மாணவிக்கு இப்போது விமான நிலையத்தில் பரீட்சைக்குப் படிக்கிற வாழ்க்கை. அவள் ஆட்டத்தை எந்தத் தொலைக்காட்சியும் கோடிக்கணக்கான டாலருக்கு வாங்கவில்லை. வாங்கப்பட்டது வேறொரு ஆட்டம். அதற்கான தூரத்தைக் கடப்பவள் அவள்.

பொதுப் பணமும் இதில் இருக்கிறது. யு.சி.எல்.ஏ.வும் பெர்க்லியும் ஒரே கலிஃபோர்னியா பல்கலைக்கழக அமைப்பின் இரு வளாகங்கள். ஒன்று போனதால் மற்றதன் வருமானம் சரிந்தது. அமைப்பின் ஆட்சிக்குழு 2024இல், யு.சி.எல்.ஏ. ஆண்டுக்கு 1 கோடி டாலரைப் பெர்க்லிக்குக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தது. கூட்டணி மாற்றம் ஒரு பல்கலைக்கழகத்தின் சொந்த விவகாரம் மட்டும் அல்ல என்பதை ஓர் அரசு அமைப்பு ஏற்றுக்கொண்ட தருணம் அது.

விரிவாக்கத்தின் பக்கத்து நியாயம்

விரிவாக்கம் என்றாலே அழிவு என்று சொல்வது உண்மைக்குப் பொருந்தாது. மிஷிகன் ஸ்டேட் பிக் டென்னில் சேர்ந்தது 1949இல். மிஷிகனிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தூரம். இன்று அந்த ஆட்டத்தை அட்டவணையிலிருந்து எடுக்க யாருக்கும் துணிச்சல் வராது. டெக்சஸ் - ஏ அண்ட் எம் ஆட்டத்தைக் கொன்றது ஒரு விரிவாக்கம் என்றால், உயிர்ப்பித்ததும் இன்னொரு விரிவாக்கம்தான். டெக்சஸும் ஓக்லஹோமாவும் 2024இல் எஸ்.இ.சி.க்கு வந்தன, அந்த நவம்பர் 30 அன்று கைல் ஃபீல்டில் பதின்மூன்று ஆண்டு இடைவெளிக்குப் பின் ஆட்டம் நடந்தது, டெக்சஸ் 17-7 என்று வென்றது.

பணத்தின் தேவையும் உண்மையானது. பிக் டென் 2022இல் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. நிறுவனங்களோடு செய்த ஏழாண்டு ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கு மேல் என்று செய்திகள் கூறின. 2025 ஜூனில் உறுதியான ஒரு நீதிமன்ற உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகம் தன் விளையாட்டு மாணவர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டு வரம்பு 2.05 கோடி டாலர். இத்தனை காலம் பயிற்சியாளரும் தொலைக்காட்சியும் சம்பாதித்த ஆட்டத்தில், ஆடுகிறவனுக்குக் காசு போய்ச் சேர்வது நியாயம். அதற்குப் பணம் எங்காவது வர வேண்டும்.

ஆனால் நெருக்கம் இல்லாத இடத்தில் போட்டியைக் கட்டளை போட்டு வரவழைக்க முடியவில்லை. பென் ஸ்டேட் பிக் டென்னில் சேர்க்கப்பட்டது 1990இல். கூட்டணி பதினெட்டான பிறகு ஆண்டுதோறும் கட்டாயம் நடக்க வேண்டிய பன்னிரண்டு ஆட்டங்களின் பட்டியலை அது வெளியிட்டது. அயோவாவுக்கு அதில் மூன்று. பென் ஸ்டேட்டுக்கு ஒன்றுகூட இல்லை. மண் ஜாடிக்கான மிஷிகன் - மின்னசோட்டா ஆட்டமும் அந்தப் பட்டியலில் இல்லை.

திரும்பி வந்த பிக் ஈஸ்ட்

எதிர்த்திசையில் நடந்த கதை ஒன்று உண்டு. 1979இல் பிராவிடன்ஸ் கல்லூரியின் டேவ் கேவிட், வடகிழக்கு நகரங்களின் கூடைப்பந்துக் கல்லூரிகளைச் சேர்த்து பிக் ஈஸ்ட் கூட்டணியை உருவாக்கினார். இ.எஸ்.பி.என். தொலைக்காட்சி பிறந்ததும் அதே ஆண்டு. இரண்டும் சேர்ந்து வளர்ந்தன. 1985இல் தேசிய அரையிறுதிக்கு வந்த நான்கு அணிகளில் மூன்று பிக் ஈஸ்ட் அணிகள். இறுதியில் வில்லனோவா 66-64 என்று ஜார்ஜ்டவுனை வென்றது. தொலைக்காட்சி மரபுக்கு எதிரி என்று யாராவது சொன்னால் இந்தப் பத்தாண்டைக் காட்டலாம்.

பிறகு கால்பந்து நுழைந்தது. 1991 முதல் கால்பந்துக்காகச் சேர்த்தவர்களும் அதற்காகவே வெளியேறியவர்களுமாகக் கூட்டணி உருக்குலைந்தது. 2012 டிசம்பரில், பெரிய கால்பந்து ஆடாத ஏழு கத்தோலிக்கக் கல்விநிலையங்கள் போதும் என்று முடிவெடுத்துப் பிரிந்தன. பிக் ஈஸ்ட் என்ற பெயரையும் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடக்கும் தொடரையும் அவை தக்கவைத்துக்கொண்டன. ஒத்த இயல்புள்ள பட்லர், சேவியர், கிரெய்ட்டன் மூன்றைச் சேர்த்துக்கொண்டன. கால்பந்து இல்லாத கூட்டணி தேயும் என்றவர்களுக்குப் பதில் 2016இலும் 2018இலும் வந்தது: தேசியப் பட்டம் வில்லனோவாவுக்கு. கால்பந்துக்காக அந்தப் பக்கம் தங்கிவிட்ட கனெக்டிகட் பல்கலைக்கழகம் 2020இல் திரும்பி வந்தது. கால்பந்து அணியை மட்டும் எந்தக் கூட்டணியிலும் சேர்க்காமல் தனியாக விட்டது. 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டும் ஆண்கள் கூடைப்பந்துத் தேசியப் பட்டம் கனெக்டிகட்டுக்குத்தான்.

2030க்கு முன்

முதலாவது, கனெக்டிகட் செய்ததை மற்றவர்களும் செய்யலாம். கால்பந்தை வேறு கூட்டணியிலும் மற்ற விளையாட்டுகளைப் பக்கத்து ஊர்க் கூட்டணியிலும் வைக்கலாம். நோட்ரடாம் பல காலமாகக் கால்பந்தில் சுதந்திரமாக நிற்கிறது. பெரும்பாலான மற்ற விளையாட்டுகளை 2013 முதல் ஏ.சி.சி.யில் ஆடுகிறது. யு.சி.எல்.ஏ.வின் பயிற்சியாளராக இருந்தபோதே சிப் கெல்லி 2023 டிசம்பரில் இந்தப் பிரிவினையை வெளிப்படையாகக் கேட்டார். கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவரே கேட்கிறார் என்றால் அதைக் கனவு என்று ஒதுக்க முடியாது.

இரண்டாவது, வெளியேறும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் பழைய எதிரிக்கு ஒரு பிரிவு வேண்டும். வாஷிங்டனும் வாஷிங்டன் ஸ்டேட்டும் பிரிந்த கையோடு 2028 வரை ஆண்டுதோறும் ஆட எழுதி வைத்துக்கொண்டன. அது நல்ல மனத்தால் வந்தது. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அதைச் சட்டத்தாலும் வரவழைக்கலாம். கலிஃபோர்னியாவின் ஆட்சிக்குழு பண இழப்பீட்டுக்குச் செய்ததை, ஆட்ட நாளுக்கும் செய்யலாம்.

மூன்றாவது, கூட்டணிக்குள்ளேயே காக்கப்படும் ஆட்டங்களைக் கூட்ட வேண்டும். எஸ்.இ.சி. இதில் முந்திக்கொண்டது. 2026 முதல் ஒன்பது கூட்டணி ஆட்டங்கள், அவற்றில் மூன்று ஆண்டுதோறும் மாறாத எதிரிகளோடு என்று 2025இல் அறிவித்தது. டெக்சஸுக்குக் கிடைத்த மூவர்: ஓக்லஹோமா, ஏ அண்ட் எம், ஆர்கன்சா. செத்துப்போன சவுத்வெஸ்ட் கூட்டணியை 1914இல் சேர்ந்து தொடங்கியவர்கள் இந்த நால்வரும். பதினாறு உறுப்பினர் உள்ள கூட்டணிக்குள்ளும் பழைய அக்கம்பக்கத்தைத் திரும்பக் கட்ட முடிகிறது; அட்டவணை போடுகிறவர்கள் மனது வைத்தால் போதும்.

பிக் டென்னின் இப்போதைய ஒளிபரப்பு ஒப்பந்தம் 2029-30 பருவத்தோடும் பிக் 12இன் ஒப்பந்தம் 2030-31 பருவத்தோடும் முடிகின்றன. அடுத்த பெயர்ச்சி அந்தப் பேச்சுவார்த்தைகளை ஒட்டியே வரும். தொலைக்காட்சி நிறுவனங்கள் தங்கள் பட்டியலோடு மேசைக்கு வரும். பல்கலைக்கழகங்களும் ஒரு பட்டியலோடு போக வேண்டும்: விட்டுக்கொடுக்காத ஆட்டங்கள் எவை, எந்த வாரம், எந்த மைதானம், எந்த விளையாட்டுகளின் பயணத்துக்கு எத்தனை மணி நேர வரம்பு. அந்தப் பட்டியலை இப்போதே வெளியிடச் சொல்லி ஆட்சிக்குழுக் கூட்டங்களில் கேட்கும் உரிமை பழைய மாணவர்களுக்கும் வரி கட்டும் குடிமக்களுக்கும் இருக்கிறது. அந்தக் கூட்டங்களில் பல, பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கியே நடக்கின்றன.